சுஜூதில் வந்த கசப்பு

முதலில் அது தொழுகையில்தான் வந்தது.

விடியற்காலைச் சுபஹ் தொழுகை. சுஜூதுக்குப் போய் நெற்றியை நிலத்தில் வைத்தேன். இடுப்பு மேலே, தலை கீழே. வயிற்றுக்குள் இருந்து ஏதோ கிளம்பி நெஞ்சு வழியாக வாய்க்கு வந்தது. சூடாக இருந்தது. புளிக்கவில்லை. கசந்தது. வாயை மூடிக்கொண்டு விழுங்கினேன். அடுத்த சுஜூதிலும் வந்தது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் கிணற்றடிக்குப் போய்த் துப்பினேன். மஞ்சள்.

அதற்கு முந்திய வருசம் எனக்குப் பித்தப்பையை வெட்டி எடுத்திருந்தார்கள். உள்ளே கல். அந்தப் பை இல்லாமலும் மனிசன் இருக்கலாம் என்று வெட்டிய டொக்டர் சொன்னார். மச்சானுக்கு அது பெரிய பகிடி. மச்சான் என்றால் என் மனைவியின் நானா, அண்ணன். என் வயதுக்காரன். நானும் அவனும் ஒரே உப்பளத்தில் வேலை.

"பை இல்லாட்டி சாமான எங்கடா வைப்பாய்? கையில கொண்டு திரியப் போறியா?"

"உன்ட வாயில வைக்கிறன். அது எப்பவும் தொறந்துதானே இரிக்கு."

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. அவனோடு மட்டும் இப்படி ஒன்றிரண்டு.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வந்தோம். புத்தளத்தில் முகாம். பிறகு கடலோடு சேர்ந்த களப்பின் கரையில் உப்பு வேலை. யுத்தம் முடிந்து சிலபேர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. எனக்குத் தெரிந்த வேலை இங்கேதான் இருந்தது.

உப்பளத்தில் தண்ணீரை நாக்கால் பார்ப்போம். களப்புத் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகும். வெயிலில் தடித்துக்கொண்டே போகும். விரலை நனைத்து நாக்கில் வைத்தால் எவ்வளவு தடித்திருக்கிறது என்று தெரியும். கடைசிப் பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சுகிற தண்ணீர் கசக்கும். அதை மடை திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். மடை பழுதாகிக் கசப்புத் தண்ணீர் திரும்பி உள்ளே வந்தால் உப்புக் கெட்டுப்போகும்.

என் வாய்க் கசப்பும் அதனால்தான் என்று நினைத்தேன். இத்தனை வருசம் நாக்கில் வைத்த தண்ணீர் உடம்பில் ஏறிவிட்டது என்று. தண்ணீரை நாக்கில் வைப்பதை நிறுத்தினேன்.

"என்ன மச்சான், நாக்கு கொழும்புக்குப் போயிட்டா?" என்றான் மச்சான்.

ஆனால் கசப்பு நிற்கவில்லை.

டிஸ்பென்சரியில் காட்டினேன். கேஸ் என்றார்கள். வெள்ளைப் பாணி தந்தார்கள். குடித்தால் கொஞ்சம் குளிரும். பிறகு பழையபடிதான்.

உப்பு வேலை முழங்காலையும் இடுப்பையும் தின்னும். குனிந்து வார வேண்டும். பெட்டியைத் தலையில் வைத்து வரப்பில் நடக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். விடிய வேலைக்குப் போகிற வழியில் கடையில் ஒரு பிளேன்டீ, உடம்பு உளைவுக்கு ஒரு குளிசை, நோவு மாத்திரை. வாயால் கேட்கத் தேவையில்லை. கோப்பையோடு கடதாசித் துண்டில் குளிசையும் வரும். வெறுவயிற்றில் போட்டால் கெதியாகப் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான். நோன்பு காலத்தில் அதையே விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்தில் போடுவோம். பகல் முழுக்கத் தாங்க வேண்டும் என்று ரெண்டாகப் போடுவோம்.

அந்த வருசம் நோன்பு உப்புக் காலத்தில் வந்தது. நல்ல வெயில். காற்றும் நல்ல காற்று. உப்பு விளைகிறபோது வேலையை விட முடியாது. சஹர் சோற்றைத் தின்று, ரெண்டு குளிசை போட்டு, சுபஹ் தொழுது, வெளிக்கும்வரை பாயில் படுப்பேன். படுத்தால் வாய்க்குக் கசப்பு வரும். எழும்பித் துப்புவேன். நோன்பாளி அதை விழுங்கக் கூடாது. தெரிந்து விழுங்கினால் நோன்பு முறியும். நான் படுக்கைப் பக்கத்தில் ஒரு சிரட்டை வைத்திருந்தேன்.

மனைவி அதைக் கண்டாள்.

"இதென்ன சிரட்டை?"

"துப்பத்தான்."

"எச்சிலுக்கு இவ்வளவு மரியாதையா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அதை வெளியே எறிந்தாள். நான் இன்னொன்று எடுத்து வைத்தேன்.

நோன்பு பாதி கழிந்திருக்கும். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். வயிற்றை யாரோ பிடித்து முறுக்கினதுபோல் இருந்தது. உப்பு வாருகிற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்க முடியவில்லை. வாரிக் குவித்திருந்த உப்பின்மேல் வாந்தி எடுத்தேன்.

வெள்ளை உப்பில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மஞ்சளும் பச்சையும். அதற்குள் கறுப்பாகத் துணிக்கைகள். கோப்பித் தூளைக் கொட்டினமாதிரி.

எனக்கு அது தெரிந்த நிறம். முகாமில் வாப்பா கடைசிக் காலத்தில் எடுத்த வாந்தியும் இப்படித்தான். உம்மா அதைச் சாம்பல் போட்டு மூடுவா. வாப்பாவுக்கு என்ன வருத்தம் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றில் ஏதோ என்றார்கள். ஆள் மெலிந்து மெலிந்து ஒரு வெள்ளிக்கிழமை மௌத்தாகிவிட்டார்.

மச்சான் ஓடி வந்தான். உப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பகிடி ஒன்றும் வரவில்லை அவனுக்கு. மண்வெட்டியால் அந்த இடத்து உப்பை அள்ளி வாய்க்காலில் எறிந்தான்.

"நோன்பு?" என்று கேட்டான்.

"தானா வந்ததுதானே. முறியாது."

"அதுக்கில்ல. தண்ணி குடி."

"முறியாது எண்டு சொன்னனே."

தண்ணீர் குடிக்கவில்லை. பாத்தியை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். "தங்கச்சிக்கிட்டச் சொல்லாத" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

நோன்பு திறக்கிற நேரம் மனைவி கஞ்சி வார்த்தாள். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். கசந்தது. கஞ்சியும் கசந்தது. குடித்தேன். வாப்பா இப்படி எத்தனை மாசம் இருந்தார் என்று கணக்குப் பார்க்க முயன்றேன். ஞாபகம் இல்லை. என் மகளுக்கு அந்த நோன்பில் எட்டு வயது. அவள் கஞ்சியில் இருந்த இறைச்சித் துண்டைத் தேடி எடுத்து எனக்குத் தந்தாள்.

மச்சான் சொல்லிவிட்டான். அடுத்த நாள் பகல் மனைவி வாசலில் நின்றாள். உடுத்து, முக்காடு போட்டு, ஓட்டோவையும் கூப்பிட்டு வைத்திருந்தாள்.

"ஏறுங்க."

"எங்க?"

"பெரியாஸ்பத்திரிக்கு."

"நோன்புப் பெருநாள் கழியட்டும்."

"பெருநாளைக்கு எனக்கு உடுப்பு வேணாம். மகளுக்கு வாப்பா வேணும். ஏறுங்க."

ஏறினேன். ரோட்டில் கழுதைகள் குறுக்கே நின்றன. ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். அவை அசையவில்லை. மனைவி இறங்கிப் போய்த் தன் கையால் தள்ளிவிட்டு வந்து ஏறினாள்.

கறுப்பு வாந்தி என்றதும் அன்றே வார்டில் போட்டார்கள். விடிந்ததும் கமரா விட்டுப் பார்க்க வேண்டும், இரவுக்குப் பிறகு தண்ணீரும் குடிக்கக் கூடாது என்றார்கள். எனக்கு அது லேசு. நோன்புக்கு நிய்யத்து வைத்துக்கொண்டேன். காலையில் தாதி மிஸ் வந்து ஏதும் சாப்பிட்டாயா என்று சிங்களத்தில் கேட்டாள். நோன்பு என்றேன். நல்லது என்று தலையாட்டினாள். பிறகு தொண்டைக்குள் ஏதோ மருந்து அடித்தாள். அதுவும் கசப்பு. விழுங்கச் சொன்னாள். நோன்பு போய்விட்டது. பிறகு இதற்குப் பதிலாகக் களா நோன்பு ஒன்று பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன். பிடிக்க நான் இருப்பேனா என்றும் நினைத்தேன்.

கமரா விட்டது ஒரு பொம்பிளை டொக்டர். இளம்பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பேச்சு. யுத்தம் முடிந்தபின் வேலைக்கு வந்தவ. விடுவதற்குமுன் கேட்டா:

"வேறை வருத்தம் ஏதும் இருக்கோ? சீனி, பிரசர்?"

"இல்ல."

"ஏதும் வருத்தத்துக்கு ஒழுங்கா மருந்து எடுக்கிறனீங்களோ?"

"இல்ல டொக்டர். நோயொண்டும் இல்ல எனக்கு."

பொய் சொல்லவில்லை. என் மனதில் இருந்ததைத்தான் சொன்னேன்.

குழாய் உள்ளே போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் டீவி. அதில் என் வயிறு தெரிந்தது. சிவந்து, அங்கங்கே தோல் உரிந்தமாதிரி. அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. மடை பழுதான பாத்தி மாதிரி. டொக்டர் ஒரு சின்னத் துண்டு சதையைக் கிள்ளி எடுத்தா. அது நோகவில்லை. எதற்கு எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு எடுத்தார்கள். அவர் இப்போது இல்லை.

"சதைத்துண்டு கொழும்புக்குப் போய் வரோணும். பெருநாள் முடிய வாங்கோ. மனைவியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மனைவியை ஏன் கூட்டி வரச் சொல்கிறா? இதை யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பெருநாள் கழியும்வரை அந்தக் கேள்வியோடுதான் எழும்பினேன், படுத்தேன். நல்ல சேதி என்றால் ஒருவனிடம் சொல்லிவிடலாமே. கெட்ட சேதிக்குத்தான் பிடித்துக்கொள்ள ஆள் வேணும்.

தந்த மருந்தைக் குடித்தேன். நோன்பை விடச் சொன்னார்கள். விட்டேன். ஆனால் வேலைக்குப் போனேன். உப்பு நிற்கிறது. வேலைக்குப் போனால் இடுப்பு உளையும். குளிசையைப் போட்டேன். நோன்பு இல்லாதபடியால் காலையிலேயே பிளேன்டீயோடு. வயிறு எரிந்தது. மருந்துக்கும் கேட்காத வருத்தம் என்றால் அது வாப்பாவின் வருத்தம்தான் என்று முடிவுகட்டினேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. குசினிக் கூரையில் உக்கிய கிடுகை மாற்றினேன். கிணற்றுக் கயிற்றை மாற்றினேன். அலுமாரியின் ஆடுகிற காலுக்குக் கட்டை அடித்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் வரப்பில் இருந்துகொண்டு மச்சானிடம் சொன்னேன்: "தங்கச்சியப் பாத்துக்க. மகளப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டாத."

அவன் எழும்பினான். கோபம் வந்தால் அவனுக்கு மூக்கு சிவக்கும்.

"என்னடா மையத்துக் கதை கதைக்கிறாய்? அவளப் பாக்க ஏலாமத்தான் உனக்குக் கட்டிக் குடுத்தம். திருப்பித் தர நினைக்காத."

சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு நொந்தது.

பெருநாள் வந்தது. மகள் புது உடுப்போடு வீடு வீடாகப் போய் வந்தாள். மனைவி வட்டிலப்பம் அவித்தாள். எனக்கு வெட்டி வைத்தாள். தான் தொடவில்லை. நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழுத்துண்டையும் தின்றேன். கசந்தது என்று சொல்லவில்லை.

பிறகு அந்த நாள். கிளினிக்கில் வாங்குப் பலகையில் இருந்தோம். என்னைக் கூப்பிட்டார்கள். மனைவி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள், மகள் சந்தையில் பிடிக்கிற மாதிரி.

டொக்டர் என் முகத்தைப் பார்த்தா. நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது. கதிரையில் இருக்கச் சொல்லுமுன்பே சொன்னா:

"பயப்பிடாதேங்கோ. புற்றுநோய் இல்லை."

மனைவி அல்ஹம்துலில்லாஹ் என்றாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் கதிரையில் இருந்தேன்.

"ஆனா எனக்கொண்டு விளங்கேல்லை" என்றா டொக்டர். "பித்தப்பை எடுத்த ஆக்கள் சிலருக்கு இப்பிடிப் பித்தம் வயித்துக்குத் திரும்பி வாறதுதான். ஆனா உங்கட வயிறு இவ்வளவு புண்ணாகி இரத்தமும் கசிஞ்சிருக்கு. குடிக்கிறனீங்களோ?"

மனைவிக்கு உசார் வந்துவிட்டது. "அல்லாவே! இவரா? பீடிகூட இல்ல டொக்டர்."

"நோவுக்குக் குளிசை?"

"அது எல்லாரும் போடுறதுதானே" என்றாள் மனைவி.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தா. "என்ன குளிசை? இருக்கோ?"

சட்டைப் பொக்கற்றில் இருந்தது. காலையில் கடையில் தந்தது. கடதாசியை விரித்துக் காட்டினேன்.

"எத்தினை வருசமா?"

"உப்பளத்துக்குப் போன காலத்தில இருந்து."

"நான் அண்டைக்குக் கேட்டனான் எல்லோ?"

"நோய்க்குத்தானே கேட்டீங்க டொக்டர். இது வேலைக்கு."

அவ ஏசுவா என்று பார்த்தேன். ஏசவில்லை. கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னா:

"வயித்துக்கு உள்சுவரிலை வழுவழுப்பா ஒரு பூச்சு இருக்கு. அது இருக்கிறபடியால்தான் வயிறு தன்ரை புளிப்பிலையே வேகாமல் இருக்கு. அந்தப் பூச்சை ஒவ்வொரு நாளும் புதுசு புதுசாப் பூசோணும். அந்த வேலையை நடத்திறது நொதியம் எண்டு ஒரு சாமான். சுவருக்குள்ளை இருக்கு. பித்தம் வந்து பூச்சைக் கரைக்கும். சுவரையும் அரிக்கும். நாளாக நாளாக நொதியங்களும் களைச்சுப்போகும். எண்டாலும் கொஞ்சம் கொஞ்சமாப் பூசிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் போடுற குளிசை என்ன செய்யுது எண்டால், அந்த நொதியத்தையே வேலை செய்ய விடாது. நோவையும் அதுதான் நிப்பாட்டுது, பூச்சையும் அதுதான் நிப்பாட்டுது."

நான் யோசித்தேன். உப்புக் காலம் தொடங்குமுன் பாத்தித் தரையை மிதித்து, பலகையால் தட்டி இறுக்குவோம். இடையிலும் இளகின இடத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சேறு கிளம்பிவிடும்.

"அப்ப கசப்புத் தண்ணி உள்ளுக்கு வார நேரத்திலதான் தரை தட்டுறவனுக்கு நான் லீவு குடுத்திருக்கன்" என்றேன்.

டொக்டருக்கு விளங்கவில்லை. மனைவிதான் பாத்தியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாள். டொக்டர் கேட்டுவிட்டு, "ஓம், அப்பிடியும் சொல்லலாம்" என்றா.

இந்தக் குளிசை இனிக் கூடாது. தின்ற கையோடு படுக்கக் கூடாது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும். அடுத்த வருசம் திரும்பக் கமரா. "இப்ப இல்லை எண்டுதான் சொல்லுறன். இனி வராமல் பாக்கோணும்" என்றா. அந்த "இப்ப" என் காதில் நின்றுவிட்டது.

"மனைவிய ஏன் கூட்டி வரச் சொன்னீங்க?" என்று எழும்பும்போது கேட்டேன்.

"நீங்கள் கேக்கிறதுக்கெல்லாம் இல்லை இல்லை எண்டனீங்கள். வீட்டு ஆக்களைக் கேட்டால்தான் உண்மை வரும்."

மனைவி வழி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கட்டிலின் தலைப்பக்கத்துக் காலுக்குக் கல் வைத்தேன். மனைவி சரிந்து சரிந்து கால்மாட்டுக்கு வந்துவிடுவதாகப் புறுபுறுத்தாள். இடுப்பு உளைவு திரும்பி வந்தது. சுடுதண்ணீர் ஒத்தடம் போட்டால் கொஞ்சம் சுகம். வேலையில் பெட்டியைக் கொஞ்சமாக நிரப்பினேன். கசப்பு குறைந்தது. முற்றாகப் போகவில்லை. சுஜூதுக்குப் போகும்போது இப்போதும் வாயை இறுக்கிக்கொண்டுதான் போகிறேன்.

ஒரு பின்னேரம் தாத்தா வீட்டுக்குப் போனேன். என் தாத்தா, மூத்த சகோதரி. உம்மா அவவோடுதான் இருக்கிறா. உம்மா முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"உம்மா, வாப்பா உளைவுக்குக் குளிசை போட்டவரா?"

உம்மா சுளகை நிறுத்தவில்லை.

"மருந்தெண்டு அவர் ஒண்டும் குடிக்கல்ல மகன். வருத்தத்துக்கு மருந்து குடிக்கச் சொன்னாலும் கேக்க மாட்டார். வெங்காயத் தோட்டத்தில கூலிக்குப் போகக்குள்ள குளிசை போடுவார். அது எல்லாரும் போடுறதுதானே."

வாப்பாவின் வயிற்றை யாரும் கமரா விட்டுப் பார்க்கவில்லை. அது என்ன வருத்தம் என்று இனித் தெரியவும் போவதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் விடிய மச்சானோடு கடையில் இருந்தேன். கடைக்காரர் மறந்துபோய் என் பிளேன்டீயோடும் குளிசையை வைத்துவிட்டார். நான் கடதாசியைத் தள்ளி வைத்தேன். மச்சான் எட்டி எடுத்தான்.

"உனக்கு வேணாட்டி எனக்கு. இண்டைக்கு ரெண்டு."

அவன் கையைப் பிடித்தேன்.

"என்னடா?"

"உனக்கு வாய் கசக்குதா?"

"உன்னக் கட்டின என்ட தங்கச்சிக்குத்தான் கசக்கும்" என்று சிரித்தான். நான் கையை விடவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"இருந்திருந்திட்டுக் கசக்கும்" என்றான்.

"எப்ப?"

கோப்பையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"சுஜூதில."